பூ கொட்டுகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை: மாடியில் பேஷன் ஃப்ரூட்

மொட்டைமாடி (தாம்பரம்)

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் ஒரு பேஷன் ஃப்ரூட் கொடி வைத்திருக்கிறேன். நீல நிற இருநூறு லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியில் செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு கலந்து நட்டது. அலுவலக நண்பர் தன் வீட்டுக் கொடியிலிருந்து வெட்டிக் கொடுத்த குச்சி. துணி காயப்போடும் கம்பி முழுக்க இப்போது அதற்குத்தான் சொந்தம்.

பூ என்றால் அப்படி ஒரு பூ. வெள்ளை இதழ், நடுவில் சுருள் சுருளாக ஊதா இழை. மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் போனை எடுக்கிறார்கள். ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ காம்போடு கழன்று விழுந்துவிடுகிறது. போன வருடமும் இதே கதைதான். வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யம், மரச்சாம்பல் எல்லாம் கொடுத்தாயிற்று. மாமியார் "இது ஆண் கொடி, பிடுங்கிப் போட்டுவிட்டு உருப்படியாக முருங்கை வை" என்கிறார். ஆண் கொடி என்று ஒன்று இருக்கிறதா? பிடுங்கலாமா, இன்னும் பார்க்கலாமா?

செம்மண் (வடவள்ளி, கோவை)

அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பூ உதிர்ந்தால் சாம்பல் சத்து போதவில்லை என்று அர்த்தம். மீன் அமிலம் லிட்டருக்கு 5 மி.லி. கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். கூடவே நுண்ணூட்டக் கலவை கொஞ்சம். நிச்சயம் காய் நிற்கும்.

பந்தல்காரன் (பண்ணைக்காடு)

எங்கள் பக்கம் தாட்பூட் பழம் என்போம். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் தானாக ஏறிக் கிடக்கும். யாரும் உரமும் போடுவதில்லை, தெளிப்பதும் இல்லை. ஊதாப் பழம், கொட்டிக் கிடக்கும், குரங்கு தின்றது போக மிச்சம் நமக்கு. ஆவணியிலிருந்து மார்கழி வரை ஒரு காய்ப்பு, பங்குனி, சித்திரை வாக்கில் இன்னொன்று. இது குளிர்ச்சி கேட்கிற கொடி. சென்னை வெயிலில் மொட்டைமாடித் தளத்தின் சூட்டில் வைத்துவிட்டுக் காய் கேட்டால் எப்படி?

வேலியோரம் (திருவையாறு)

உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். பூ எத்தனை மணிக்கு விரிகிறது? தாய்க்கொடியின் பழம் பழுத்தால் என்ன நிறம்? உங்களிடம் இருப்பது ஒரே கொடியா?

மொட்டைமாடி

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் விரிகிறது. காலையில் போனால் மொட்டாகவே இருக்கும். பழம் மஞ்சள் என்று நண்பர் சொன்னார். ஒரே கொடிதான். அதிலேயே ஒரு துண்டு வெட்டி இன்னொரு தொட்டியிலும் வைத்திருக்கிறேன், அதுவும் ஏறிவிட்டது.

வேலியோரம்

அப்படியானால் உரத்தில் குறை இல்லை. உங்களுடையது மஞ்சள் வகை. பண்ணைக்காட்டுக்காரர் சொல்வது ஊதா வகை. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்தான், ஆனால் குணம் வேறு.

ஊதா வகை ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலையில் சுகமாக இருக்கும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே தான் காய்க்கும். ஒற்றைக் கொடி போதும். மஞ்சள் வகை கீழ் நாட்டுக்காரன், சூட்டைத் தாங்கும். பூ நண்பகல் வாக்கில் விரிந்து இரவில் மூடும். ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தால்தான் சூல் பிடிக்கும்.

நீங்கள் வெட்டி வைத்த இரண்டாவது தொட்டிக் கொடி வேறு கொடி ஆகாது. குச்சியில் வந்தது எத்தனை தொட்டியில் இருந்தாலும் அதே செடியின் உடம்புதான். மகரந்தம் ஒன்றே. நண்பர் வீட்டுக் கொடியும் உங்களுக்கு உதவாது, அதுதான் தாய்.

ஆண் கொடி, பெண் கொடி என்பதெல்லாம் இதில் கிடையாது. பப்பாளியைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஒவ்வொரு பூவிலும் இரண்டும் உண்டு. நடுத்தண்டில் கீழ்நோக்கித் தொங்குகிற ஐந்து மகரந்தப் பைகள். அதற்கு மேலே பச்சை முட்டை மாதிரி சூலகம், அதன் உச்சியில் மூன்றாகப் பிரிந்து நிற்கும் சூல்முடி. மாமியாரிடம் ஒரு பூவைப் பறித்துக் காட்டுங்கள்.

செம்மண்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரே ஒரு மஞ்சள் கொடி. கேட் மேல் வளைவாக ஏற்றியிருக்கிறார்கள். பை பையாகப் பழம் கொடுக்கிறார்கள். பக்கத்தில் வேறு கொடியே இல்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

வேலியோரம்

அந்த வீட்டுத் தூரைப் போய்ப் பாருங்கள். நர்சரிப் பையில் பெரும்பாலும் இரண்டு மூன்று விதை போட்டுத்தான் முளைக்க வைப்பார்கள். ஒரே பையில் இரண்டு நாற்று இருந்து, அதை அப்படியே குழியில் வைத்திருந்தால் வெளியிலிருந்து பார்க்க ஒரே கொடியாகத்தான் தெரியும். அதுவும் இல்லையென்றால் அடுத்த தெருவில் எங்கோ இன்னொரு கொடி இருக்கும். இதற்கு மகரந்தம் சுமக்கிற கருவண்டு நல்ல தூரம் பறக்கும், தெருக்கணக்குப் பார்க்காது.

சாம்பல் சத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. காய் பிடித்த பிறகு அது தேவைதான். ஆனால் சூல் பிடிக்காத பூவை மீன் அமிலம் காயாக மாற்றாது.

செம்மண்

பார்த்தேன். இரண்டு தூர். ஒன்று மற்றொன்றைப் பின்னிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரருக்கே இன்றைக்குத்தான் தெரியும். சரி, இந்த விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். மீன் அமிலத்தை நான் விடமாட்டேன்.

கோண்டாவில்வாசி (யாழ்ப்பாணம்)

வாசிச்சுக்கொண்டு வந்தேன், அதனால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கட பக்கம் கொடித்தோடை என்போம். யாழ்ப்பாணத்தில் குளிர் எங்கே இருக்கு? ஆனாலும் வளவுக்கு வளவு காய்க்கும். கிணற்றடி வேலியில், கிளுவையில் ஏறி நிற்கும். சனம் எல்லாம் கொட்டையில்தான் முளைக்கப் போடும். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, நாலைந்தை ஒரே குழியில் ஊன்றுவது அம்மம்மா காலத்திலிருந்து வந்த வழக்கம். ஏன் நாலைந்து என்று யாரும் கேட்டதில்லை. இப்போது திருவையாற்று அண்ணை சொல்வதைப் பார்த்தால் காரணம் விளங்குது.

பண்ணைக்காட்டு அண்ணைக்கும் ஒன்று. குளிர் இல்லாவிட்டால் காய்க்காது என்பது உங்கட ஊதாப் பழத்துக்குச் சரி. எங்கட மஞ்சளுக்குப் பொருந்தாது.

பந்தல்காரன்

நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்திரை, வைகாசி சென்னை வெயிலில் மஞ்சளும் பூவை உதிர்க்கும் என்பதையும் எழுதுங்கள். மகரந்தம் மட்டுமே காரணம் என்று ஆகிவிடக் கூடாது.

வேலியோரம்

உண்மை. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கொடியும் மொட்டை உதிர்க்கும், வந்த பூவும் சரியாகச் சூல் பிடிக்காது. மாடியில் இன்னும் மோசம், தொட்டி மண்ணே கொதிக்கும். தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டுங்கள், மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள், மேற்கு வெயில் நேராகத் தூரில் படாமல் எதையாவது மறைப்பாக வையுங்கள். இலை வெயிலில் இருக்கட்டும், வேர் நிழலில் இருக்கட்டும்.

மழையும் ஒரு எதிரி. மகரந்தம் நனைந்தால் வெடித்துவிடும். பூ விரிந்திருக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பூ போச்சு. ஐப்பசியில் சென்னையில் காய் பிடிக்காததற்கு இதையும் கணக்கில் வையுங்கள்.

மொட்டைமாடி

ரொம்ப நன்றி. இப்போது என்ன செய்வது? விதை போட்டு இன்னொரு கொடி வளர்ந்து பூக்க எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை வேறு வழி உண்டா?

வேலியோரம்

விதைக் கொடி பூக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், நல்ல வெயிலும் உரமும் கிடைத்தால் கொஞ்சம் முன்னதாகவே வரும். அதுவரை கையால் செய்யலாம். தாம்பரம் பக்கத்தில் மஞ்சள் கொடி வைத்திருக்கிறவர் யாராவது இருப்பார், கேட்டுப் பாருங்கள். உங்கள் நண்பரிடம் குச்சி வாங்காதவராக இருக்க வேண்டும்.

அன்றைக்கு விரிந்த பூ இரண்டு மூன்றை அவர்களிடமிருந்து மதியம் பறித்து வாருங்கள். ஒரு டப்பாவில் ஈரம் படாமல் கொண்டுவர வேண்டும். பறித்த பூவின் இதழையும் ஊதா இழைகளையும் பிய்த்துவிட்டால் மகரந்தப் பை ஐந்தும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை அப்படியே பிடித்து, உங்கள் பூவின் மூன்று சூல்முடிகளிலும் மஞ்சள் பொடி அப்புகிற அளவு தேய்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு விடாதீர்கள், மூன்றிலும்.

நேரம் முக்கியம். பூ விரிந்தவுடன் சூல்முடிகள் மேல்நோக்கி விறைப்பாக நிற்கும். ஒரு மணி நேரம் போனால் மெதுவாகக் கீழே வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு வரும். வளைந்த பிறகு செய்யுங்கள். சில பூவில் கடைசி வரை வளையாமல் நிமிர்ந்தே நிற்கும். அது காய்க்காத பூ, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் அதன் மகரந்தம் நன்றாகவே வேலை செய்யும், பறித்துப் பயன்படுத்துங்கள்.

பிரேசிலில் பெரிய தோட்டங்களில் மதியம் ஆள் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். அங்கே மஞ்சள் வகைதான் அதிகம்.

கூடல்நகரான் (மதுரை)

என் மாடியில் கொசுத்தேனீயும் சிறு தேனீயும் நிறைய வருகின்றன. பெட்டியே வைத்திருக்கிறேன். அவை போதாதா? கையால் செய்வதெல்லாம் நமக்குச் சரிப்படாது.

வேலியோரம்

இந்தப் பூவுக்கு அவை திருடர்கள். உடம்பு சின்னது, பூவின் நடுத்தூண் உயரம். தேனீ கீழே உட்கார்ந்து தேனை உறிஞ்சும்போது அதன் முதுகு மகரந்தப் பையையும் தொடாது, சூல்முடியையும் தொடாது. தனியாக வந்து மகரந்தத்தை வழித்துக்கொண்டு போய்விடும், அதன்பிறகு வருகிற வண்டுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இதற்கென்றே அளவெடுத்தது போல இருப்பது பட்டுப்போன மரத்தைக் குடைந்து கூடு வைக்கிற கருவண்டு. கட்டை விரல் பருமன், பளபளவென்று நீலக் கறுப்பு இறக்கை, பக்கத்தில் வந்தால் ஹெலிகாப்டர் சத்தம். அது பூவில் இறங்கித் தேனுக்காகச் சுற்றிவரும்போது முதுகில் மஞ்சள் அப்பிக்கொள்ளும், அடுத்த பூவில் அதே முதுகு சூல்முடியில் உரசும். அது வருகிற வீட்டில் கைவேலை தேவையில்லை.

அது வர வேண்டுமென்றால் இடம் கொடுங்கள். காய்ந்த மூங்கில் துண்டு, பட்டுப்போன முருங்கை அல்லது கல்யாண முருங்கைக் கட்டையை மழை படாத மூலையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். வீட்டு உத்தரத்தைத் துளைத்துவிடும் என்று இந்த வண்டை அடித்துக் கொல்கிறவர்கள் நிறைய. பூச்சிமருந்தையும் பூக்கும் காலத்தில் மதியம் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெயாக இருந்தாலும் சரி, பூ மூடிய பிறகு தெளியுங்கள்.

மொட்டைமாடி

நல்ல செய்தி. சேலையூரில் ஒரு அக்கா வீட்டில் மஞ்சள் கொடி இருந்தது, அவர் கேரளாவிலிருந்து நாற்று வாங்கி வந்தவர். பூ கொடுத்தார். நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். தொட்ட பூவெல்லாம் காம்பிலேயே நிற்கிறது. இதழ் வாடிச் சுருங்கினாலும் பச்சை முட்டை கீழே விழவில்லை, நாளுக்கு நாள் பருக்கிறது. தொடாமல் விட்ட பூ எல்லாம் வழக்கம் போலத் தரையில்.

அப்புறம் ஒரு சந்தேகம். காய் மூன்று வாரத்திலேயே கோழிமுட்டையை விடப் பெரிதாகிவிட்டது. அதற்கு மேல் அசைவே இல்லை. பச்சையாகவே நிற்கிறது. பறித்துப் பழுக்க வைக்கலாமா?

கோண்டாவில்வாசி

பறிக்கவே வேண்டாம். பருமன் முதல் மூன்று கிழமையில் முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் உள்ளே சாறு கட்டும். பூவிலிருந்து கணக்குப் பார்த்தால் 60 முதல் 80 நாள். மஞ்சள் விழுந்து, தானாகக் கழன்று கீழே விழும். விழுந்ததைப் பொறுக்குவதுதான் அறுவடை. தோல் கொஞ்சம் சுருங்கும் வரை வீட்டில் வைத்தால் புளிப்புக் குறையும். சுருங்கினதைப் பழுதென்று சிலர் எறிவார்கள், அதுதான் ருசி.

மாடி என்றால் கீழே ஒரு பழைய கொசுவலையைத் தொட்டில் மாதிரிக் கட்டிவிடுங்கள். சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கும்.

பச்சைக் காயைத் தின்ன வேண்டாம். பிஞ்சிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கு. பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். பிள்ளைகள் மாங்காய் என்று கடிக்காமல் பாருங்கள்.

பட்டாம்பூச்சி (நாகர்கோவில்)

இங்கே யாரும் புழுவைப் பற்றிப் பேசவில்லையே? என் கொடியில் ஒரே வாரத்தில் இலையெல்லாம் போய்க் காம்பு மட்டும் நிற்கிறது. செம்பழுப்புப் புழு, உடம்பெல்லாம் கிளை கிளையாக முள். கூட்டமாக உட்கார்ந்து தின்கிறது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மருந்தடிக்க மனம் வரவில்லை.

செம்மண்

முள் மென்மையானதுதான், குத்தாது. இலையின் அடியில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக முட்டை இருக்கும், அந்த இலையை மட்டும் கிள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. வளர்ந்த புழுவைக் குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் விடுங்கள். வளர்ந்த கொடி இலை முழுக்கப் போனாலும் திரும்பத் துளிர்க்கும். நாற்றாக இருந்தால்தான் ஆபத்து.

வேலியோரம்

அது ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளி போட்ட, தாழ்வாக மெதுவாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. பிடித்தால் மஞ்சளாக ஒரு நாற்ற நீரைக் கக்கும், பறவைகள் தொடாது. நம் வேலிகளில் தானாக முளைக்கிற சிறுபூனைக்காலியும் இந்தக் கொடியின் சொந்தக்காரன்தான். பூ சின்ன அளவில் அப்படியே இருக்கும், காயைச் சுற்றிப் பிசுபிசுப்பான பச்சை வலை மூடியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதன் ஆரஞ்சுப் பழத்தைத் தின்னாதவர்கள் குறைவு. அதை வேலியில் ஓரமாக விட்டுவைத்துப் புழுக்களை எடுத்து அங்கே விட்டுவிடுங்கள். இரண்டு தரப்புக்கும் சாப்பாடு.

இலைக்காம்பின் மேல்முனையில், இலை தொடங்குகிற இடத்தில், இரண்டு சிறு குமிழ் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் தேன் சுரக்கும். பூவில் இல்லை, காம்பில். எறும்பு அதற்காகத்தான் ஏறுகிறது. எறும்பு நடமாடுகிற கொடியில் முட்டையும் சின்னப் புழுவும் குறைவாகவே தங்கும். எறும்பு வருகிறதே என்று சாக்பீஸ் கோடு போடாதீர்கள். ஆனால் தண்டில் மாவுப்பூச்சி இருந்து அதைச் சுற்றி எறும்பு மொய்த்தால் கதை வேறு, அங்கே எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல். அதை மட்டும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வேப்பெண்ணெய் 5 மி.லி., கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள்.

மொட்டைமாடி

முதல் பழங்கள் விழுந்துவிட்டன. வாசனை வீடு முழுக்க. மாமியார் இப்போது காலையில் எழுந்தவுடன் முதலில் வலையைத்தான் போய்ப் பார்க்கிறார். ஆனால் ஒரு விஷயம். சில பழம் கனமாக இருக்கிறது, உள்ளே நிரம்பியிருக்கிறது. சிலது அதே அளவுதான், ஆனால் காற்றுப் பந்து. வெட்டினால் உள்ளே பாதிதான். இது நோயா?

வேலியோரம்

நோய் இல்லை. உள்ளே நாம் சாப்பிடுகிற ஒவ்வொரு சாற்றுப் பையும் ஒரு விதையைச் சுற்றி வளர்வது. விதை எத்தனை பிடித்ததோ அத்தனை சாற்றுப் பைதான். மகரந்தம் தாராளமாக விழுந்த பூவில் நிறைய விதை, பழம் நிரம்பியிருக்கும். கொஞ்சமாகப் பட்ட பூவில் தோல் மட்டும் பெரிதாகும், உள்ளே பொக்கு. அடுத்த முறை மூன்று சூல்முடியிலும் பொடி தெரிகிற அளவு அப்புங்கள்.

தோலில் கெட்டியான கொப்பளம், நடுவில் ஊசி குத்தின மாதிரி புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பழ ஈ. பிஞ்சிலேயே குத்தியிருக்கும். தோல் கெட்டியாகிவிட்ட காயை ஈயால் அவ்வளவு சுலபத்தில் குத்த முடியாது. பிஞ்சுகளுக்குக் காகிதப் பை மாட்டலாம், பொறுமை இருந்தால்.

தூறல் (மெல்பர்ன்)

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கேள்வி. இங்கே கடையில் ஒட்டுக்கொடி வாங்கி வேலியில் வைத்தேன். முதல் இரண்டு வருடம் ஊதாப் பழம் நன்றாக வந்தது. இப்போது வேலி முழுக்க ஐந்தாறு விரலாகப் பிரிந்த சின்ன இலைக் கொடி, வெளிர் நீலப் பூ, ஆரஞ்சு நிறத்தில் ருசியில்லாத காய். புல்வெளி நடுவிலும் முளைக்கிறது. கொடி மாறிவிட்டதா?

வேலியோரம்

மாறவில்லை, வேர்க்கொடி மேலே வந்துவிட்டது. உங்கள் ஊரில் குளிர் தாங்குவதற்காக நீலப் பூக் கொடியின் வேரில் ஊதா வகையை ஒட்டி விற்பார்கள். ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரை அப்பப்போது கிள்ளாவிட்டால் அதுதான் ராஜா. நல்ல இலை மூன்று மடலாகப் பெரிதாக இருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒட்டுப் பகுதி இன்னும் உயிரோடு இருந்தால் மற்றதையெல்லாம் வேரோடு எடுங்கள். மண்வெட்டியால் கொத்தி விட்டால் துண்டான ஒவ்வொரு வேரும் ஒரு கொடியாகும். ஒட்டுப் பகுதியே செத்துவிட்டிருந்தால் முழுதையும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாக வையுங்கள்.

ஒட்டுக்கொடிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஊதா வகைக்கு ஃபுசேரியம் வாடல் நோய் எளிதில் வரும், மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். மஞ்சள் வகையின் வேர் அதை ஓரளவு தாங்கும். அதனால்தான் மஞ்சள் வேரில் ஊதாவை ஒட்டுவது. நம் பக்கம் இரண்டையும் கலந்து எடுத்தது காவேரி. குடகில் செட்டள்ளியில், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் உருவாக்கியது. ஏற்காடு, கொடைக்கானல், வயநாடு பக்கத்து நர்சரிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

பந்தல்காரன்

காவேரி என் பந்தலில் இருக்கிறது. பழம் பெரிது, ஊதா, சாறும் அதிகம். வாசனையில் நாட்டு ஊதாவை அடிக்க முடியாது என்பது என் கட்சி.

பந்தல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கொடியைக் கண்டபடி விடுகிறார்கள். தூரிலிருந்து ஒரே ஒரு தண்டை மட்டும் கம்பி வரை நேராக ஏற்றுங்கள். வழியில் வருகிற பக்கக் கிளையைக் கிள்ளிவிடுங்கள். கம்பியைத் தொட்டவுடன் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கை பிரியும். அந்த இரண்டு கையிலிருந்து தொங்குகிற கிளையில்தான் பூ. பூ எப்போதும் புதுத் தளிரில்தான் வரும், காய்த்து முடித்த கிளையில் மறுபடி வராது. அதனால் காய்ப்பு முடிந்ததும் தொங்கு கிளைகளை நாலைந்து கணு விட்டு வெட்டிவிட வேண்டும். கைகள் இரண்டையும் தொடக் கூடாது. வெட்டாமல் விட்ட பந்தலில் மேலே பச்சை, கீழே காய்ந்த சருகு, நடுவில் எலிக்கூடு. காய் மட்டும் இருக்காது.

கூடல்நகரான்

எங்கள் ஊரில் எப்போது வெட்டுவது? சித்திரையில் வெட்டினால் கருகிவிடாதா?

பந்தல்காரன்

அக்னி நட்சத்திரத்தில் வெட்டாதீர்கள், தண்டில் வெயில் அடித்து வெந்துவிடும். கீழ்நாட்டில் மழைக்காலம் முடிந்து காய்ப்பு ஓய்ந்ததும் வெட்டலாம். தை, மாசி சரியாக வரும். வெட்டின கையோடு ஒரு கூடை மட்கிய எரு.

பட்டாம்பூச்சி

தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். எங்கள் கொடி திடீரென்று முழுக்க வாடிவிட்டது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் தொங்குகிறது.

வேலியோரம்

மண்ணைத் தூரிலிருந்து விலக்கிப் பாருங்கள். மண்மட்டத்தில் பட்டை பழுப்பாகி, நகத்தால் கீறினால் உரிந்து வருகிறதா? வந்தால் தூர் அழுகல். வளைத்து அழுகியிருந்தால் காப்பாற்ற முடியாது. பச்சையாக இருக்கிற நுனிக் கிளையில் மூன்று கணுத் துண்டாக வெட்டி, நிழலில் மணலில் ஊன்றுங்கள், ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். அந்தத் தொட்டி மண்ணில் மறுபடியும் இதே கொடியை வைக்காதீர்கள்.

பெரும்பாலும் நாம்தான் வரவழைக்கிறோம். எருவையும் சருகையும் தண்டை ஒட்டிக் குவிக்கிறோம், தண்ணீரைத் தண்டிலேயே ஊற்றுகிறோம். வேர் மேலாகப் பரவுகிற கொடி, ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் ஊற்றினால் போதும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறும் மண்ணாக இருக்கட்டும். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. டிரம்மின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள்.

கோண்டாவில்வாசி

பழம் கூடினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உள்ளதைக் கரண்டியால் வழித்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. நிறையச் சுற்றினால் விதை உடைந்து கறுப்புப் பொடியாகிச் சாறு கசக்கும். வடித்து, சீனி, ஒரு சிட்டிகை உப்பு. கொதிக்க வைத்தால் வாசனை பறந்துவிடும். அதனால் சீனிப் பாகைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து, பிறகு சாற்றைக் கலக்குங்கள். மிச்சச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த காய்ப்பு வரை காணும்.

மொட்டைமாடி

சேலையூர் அக்கா பழம் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து விதை எடுத்து நிரந்தரமாக இரண்டாவது கொடி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரே பழத்திலிருந்து எடுத்தால் போதுமா? என் பழத்து விதையையே போட்டாலும் சரிதானே?

வேலியோரம்

உங்கள் பழத்து விதை வேறு செடிதான், ஆனால் பாதி உங்கள் கொடியின் ரத்தம். சொந்தத்துக்குள் சில சமயம் ஒன்றையொன்று ஏற்காது. அக்காவின் பழமும் உங்கள் கொடி மகரந்தத்தில் பிடித்ததாக இருந்தால் அதே சிக்கல். சம்பந்தமே இல்லாத மூன்றாவது இடத்துப் பழம் கிடைத்தால் நல்லது. கடையில் வாங்கின மஞ்சள் பழமும் ஆகும். இரண்டு மூன்று பழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

சாற்றோடு இரண்டு நாள் வைத்துப் புளிக்கவிட்டு, கையால் கசக்கி அலசினால் வழவழப்பு போய்விடும். நிழலில் உலர்த்தி உடனே ஊன்றுங்கள், பழைய விதை சோம்பேறி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். நாற்றுகளில் இரண்டை வையுங்கள், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். அதே டிரம்மில் வைக்காதீர்கள், பழைய கொடியின் வேர் இடம் கொடுக்காது. எதிர் மூலையில் இன்னொரு பாதி டிரம். அறுத்ததில் மற்றொரு பாதி சும்மாதானே கிடக்கிறது?

மொட்டைமாடி

மற்றொரு பாதியில் மாமியாரின் முருங்கை இருக்கிறது ஐயா. புது டிரம்தான் வாங்க வேண்டும்.